தயிர் உறையா, கெஃபிர் மணியா?

சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே தயிர் உறைய வைக்கும் சிலருக்கு இப்போது கெஃபிர் மணி மீதும் ஒரு கண். பாலைப் புளிக்க வைத்து கெஃபிர் என்ற பானமாக்கும், பாக்டீரியாவும் ஈஸ்டும் சேர்ந்த சிறு கட்டிகள் அவை. எதை வைத்துக்கொள்வது?

வழுவழுப்பு: இரண்டிலும் பாக்டீரியா சுரக்கும் சர்க்கரைச் சங்கிலிக்கு இதில் பங்குண்டு. கெஃபிரில் அது கெஃபிரான். அதில் குளுக்கோஸ், கேலக்டோஸ் என்ற இரு சர்க்கரைகளும் ஏறக்குறைய சரிபாதி. தயிரில் அந்தச் சங்கிலி பாக்டீரியா வகைக்கு வகை மாறும். தயிர் பாக்டீரியாவில் ஒன்றான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸின் சில வகைகள் ராம்னோஸ் என்ற இன்னொரு சர்க்கரையையும் சேர்க்கும். ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்பக் கோத்த மாலை மாதிரி. சில வகைகளில் கரண்டியைத் தூக்கினால் நூல் இழுக்கும். வாடை சரியாக இருந்தால் கொட்டிவிடாதீர்கள். தண்ணீர் பிரியாமல் பிடித்து வைப்பதில் அந்தச் சங்கிலிக்கும் கை உண்டு.

சூடு: தயிருக்கு 40 முதல் 45 டிகிரி. கெஃபிருக்கு 20 முதல் 25 போதும். நம் ஊர் வெயிலில் சீக்கிரமே புளித்துவிடும், அதுதான் தொல்லை.

செலவு: இரண்டுக்கும் பால் காசுதான்.

பராமரிப்பு: மணியை வடிகட்டி, புதுப் பாலில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உறைக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்தால் சரி.

தயிர் சாதம், மோர் என்றால் உறையே போதும். குடிக்க மட்டும்தான், பொறுமையும் உண்டு என்றால் கெஃபிர். அதில் ஈஸ்டும் இருப்பதால் துளி ஆல்கஹால் வரும். வேண்டாதவர்கள் தயிரோடு நிற்கலாம்.