‘ரைசன் 5’ என்று மட்டும் எழுதிய பில்லை வாங்காதீர்கள்

திண்டுக்கல்லில் இருந்தபடியே சென்னை ரிச்சி தெருவில் உள்ள ஒரு கடைக்கு ஆர்டர் கொடுத்து வரவழைத்த கணினியில், அதன் மூளையான பிராசஸரில் நான் கேட்டதற்குப் பதிலாக வேறொன்றைப் பொருத்தி அனுப்பியிருந்தார்கள். குறைந்த விலையில் ஆறு கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) கணினி ஒன்றைச் சேர்க்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

திருமண வீடியோ எடிட்டிங் செய்வதற்காக நான் தேர்ந்தெடுத்தது ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600. ஆறு கோர், பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசைகள்), 65 வாட். முந்தைய தலைமுறையைச் சேர்ந்த ஏஎம்4 மதர்போர்டிலும் டிடிஆர்4 ரேமிலும் ஓடும் என்பதால் மொத்தச் செலவு கட்டுக்குள் இருக்கும். இன்டெல் ஐ5-12400எஃப் என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அதுவும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட்தான், குறை சொல்வதற்கில்லை. மதர்போர்டு விலையையும் சேர்த்துக் கணக்கிட்டபோது 5600 முந்தியது. கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனில் ‘ரைசன் 5 5600’ என்று தெளிவாக இருந்தது. பி550 மதர்போர்டுக்கு நான்காம் தலைமுறை எஸ்எஸ்டி (சேமிப்புச் சாதனம்) போட்டால்தான் பொருத்தமாக இருக்கும், வினாடிக்கு 7000 எம்பி வேகம் கிடைக்கும் என்று சொல்லி, அதற்கும் சேர்த்து விலை போட்டவர் அவரேதான்.

பார்சல் பத்திரமாகவே வந்தது. மதர்போர்டு பெட்டி, எஸ்எஸ்டி பெட்டி, பவர் சப்ளை பெட்டி எல்லாம் உள்ளே இருக்க, பிராசஸரின் பெட்டி மட்டும் இல்லை. பில்லில் மற்ற பொருள்களுக்கு முழு மாடல் எண் அச்சாகியிருக்க, பிராசஸருக்கு நேராக ‘ஏஎம்டி ரைசன் 5 சிபியு – 1’ என்று மட்டும் இருந்தது.

எஸ்எஸ்டியின் வேகத்தைச் சோதித்தபோது 3500-ஐ ஒட்டியே எண் நின்றது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பார்த்தபோது விஷயம் விளங்கியது: கோர் 6, லாஜிக்கல் பிராசஸர் 12, எல்லாம் சரி, எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பி, வலது மேல் மூலையில் ‘ரைசன் 5 5500’.

5500, 5600 இரண்டுமே 2022 ஏப்ரலில் வெளிவந்தவை. இரண்டுக்கும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட். இரண்டிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. சூட்டைத் தணிக்கும் கூலரைப் பொருத்திவிட்டால் பிராசஸரின் மேல்மூடியில் பொறித்திருக்கும் எண், இடையில் தடவும் தெர்மல் பேஸ்டின் அடியில் மறைந்துவிடும். ஆனால் 5600-க்கு 32 எம்பி எல்3 கேஷும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0-வும் (எஸ்எஸ்டியும் கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரோடு பேசும் பாதையின் நான்காம் தலைமுறை) உண்டு. 5500-ஓ, உள்ளமைந்த கிராபிக்ஸ் கொண்ட 5600ஜி போன்றவற்றின் சில்லிலிருந்து கிராபிக்ஸை முடக்கிச் செய்யப்பட்டது என்பதால், கேஷ் பாதியாகி, பிசிஐ எக்ஸ்பிரஸும் 3.0-வோடு நின்றுவிடுகிறது. நான்காம் தலைமுறை எஸ்எஸ்டி அதில் பாதி வேகத்தில்தான் ஓடும். அந்தப் பாதையில் நான்கு லேன் மட்டுமே கொண்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற விலை குறைந்த கிராபிக்ஸ் கார்டுகளும் கேம்களில் அங்கே கணிசமாகத் தடுமாறும். 5500 மோசமான பிராசஸர் அன்று; வீடியோ ரெண்டரிங்கில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி கூட இல்லை. 5500-இன் விலைக்கு 5500-ஐ விற்றால் யாரும் வாய் திறக்கப் போவதில்லை. 5600-இன் விலையை வாங்கிக்கொண்டு அதைக் கொடுத்ததுதான் என் வழக்கு.

தொலைபேசியில் கேட்டபோது முதலில் கிடைத்த பதில், “ரெண்டுமே ஆறு கோர்தான் சார், பேர்லதான் வித்தியாசம்” என்பது. கேஷ் அளவைச் சொன்னதும், “அன்னைக்கு அந்த மாடல் ஸ்டாக் இல்ல, பையன் மாத்திப் போட்டுட்டான்” என்றார். அப்படியானால் மாற்றித் தாருங்கள் என்றபோது, பேஸ்ட் தடவிப் பொருத்திய பிராசஸரைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். பெட்டியைக் கேட்டதற்கு, வாரன்ட்டிக்காகக் கடையிலேயே வைத்திருப்பதாகச் சொன்னார். பெட்டியோடு விற்கப்படும் ரைசனுக்குத்தான் ஏஎம்டியின் மூன்றாண்டு வாரன்ட்டி. பெட்டியில்லாமல் ட்ரேயாக வரும் பிராசஸருக்குக் கடைக்காரரின் வாய்ச்சொல்தான் வாரன்ட்டி. எனக்கு வந்தது எந்த வகை என்பதற்கு இன்றுவரை அவரிடமிருந்து நேரான பதில் இல்லை.

கோர் எண்ணிக்கையை மட்டும் கேட்டு வாங்குபவரை ஏமாற்றுவது எளிது. ரைசன் 5 4500-உம் ஆறு கோர், பன்னிரண்டு திரெட்தான். ஆனால் அது ஒரு தலைமுறை பழைய ஜென் 2 வடிவமைப்பு, கேஷ் 8 எம்பி. திரெட்டைக் கோராக எண்ணி ‘12 கோர்’ என்று விளம்பரப் பலகை வைப்பவர்களும் இருக்கிறார்கள். ‘ஐ7 கணினி’ என்று அடிமாட்டு விலைக்கு விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் இருப்பது 2011-இல் வந்த ஐ7-2600, நான்கே கோர், விண்டோஸ் 11 அதை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. ‘14 கோர்’ என்ற பெயரில் வரும் ஜியான் இ5-2680 வி4, சர்வர்களிலிருந்து கழற்றப்பட்ட 2016-ஆம் ஆண்டுச் சரக்கு. கோர் கணக்கில் நிறுவனங்களும் சிக்கியதுண்டு: எஃப்எக்ஸ் பிராசஸர் வரிசையை எட்டு கோர் என்று விளம்பரப்படுத்தியது தொடர்பான அமெரிக்க வழக்கில் ஏஎம்டி 2019-இல் 1.21 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

ஆகவே கொட்டேஷனில் இருக்கும் முழு மாடல் எண், கடைசி எழுத்து உட்பட, பில்லிலும் இருக்க வேண்டும் என்று பணம் அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். 12400 கேட்டவருக்கு உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாத 12400எஃப் வந்தால், தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கும்வரை மானிட்டரில் படமே வராது. அசெம்பிள் செய்யும் முன்பு, சீல் உடைக்காத ரைசன் பெட்டியில் உள்ள சிறு திறப்பின் வழியே மேல்மூடியின் எண் தெரியும்படி ஒரு படமும், பெட்டி லேபிளின் வரிசை எண்ணும் வாட்ஸ்அப்பில் வந்தாக வேண்டும். காலிப் பெட்டி பார்சலில் வர வேண்டும். வந்த பிறகு, விண்டோஸின் சிஸ்டம் பக்கத்தில் தெரியும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியைத் திருத்தினால் அங்கே எந்தப் பெயரையும் காட்டவைக்கலாம். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் கேஷ் அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரியைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிகர் சொல்லி விற்ற தரத்திற்குக் குறைவாகப் பொருள் இருந்தால் அதையும் குறைபாடு என்றே கொள்கிறது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடப்படாதபோது, குறைபாடுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. கடை சென்னையில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

கொட்டேஷன், பில், டாஸ்க் மேனேஜர் பக்கம் மூன்றையும் இணைத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிந்தேன். அதன் பிறகு கடைக்காரர் தாமாகவே அழைத்து, விலை வேறுபாட்டை மட்டும் ஜிபேயில் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். பெட்டியும் வரிசை எண்ணும் அவரிடமே இருக்கும்போது அந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டால், வாரன்ட்டியைப் பற்றிப் பிறகு கேட்க வழியில்லாமல் போகும் என்பதால் நான் சம்மதிக்கவில்லை. சீல் உடைக்காத 5600-உம் மாடல் எண்ணோடு திருத்திய பில்லும் வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அவர் அனுப்பினாலும், அனுப்பாமல் ஆணையத்துக்குப் போக நேர்ந்தாலும், விவரத்தை இதே பதிவில் சேர்க்கிறேன்.