13,600 ரூபாய்க்கு ஐஸ் வாங்கிய கதை: மஹேபூருக்கு மீன் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இதை எழுதும்போது எங்கள் வீட்டு ஃப்ரீஸரில் ஒரு ஆக்டோபஸ் சதுரமாக இருக்கிறது. ஆமாம், செங்கல் மாதிரி, நாலு மூலையோடு. "இன்று காலை பிடித்தது" என்று சொல்லி என் தலையில் கட்டிய ஆக்டோபஸ். இதையும் சேர்த்து மொத்தம் 13,600 மொரீஷியஸ் ரூபாய் போய்விட்டது. நம்மூர்க் கணக்குக்குக் கிட்டத்தட்ட இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். நடந்தது சனிக்கிழமை, இன்று புதன். கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதுங்கள் என்றாள் மனைவி. ஆறுகிற மாதிரி தெரியவில்லை. என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகப் போடுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நாங்கள் மொரீஷியஸில் காத்ர் போர்ன் என்ற ஊரில் குடியிருக்கிறோம், எனக்கு வேலை பக்கத்து எபேனில். வந்து மூன்று வருடம் ஆகிறது. சொந்த ஊர் நாகப்பட்டினம். மீன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் போர்த்திப் படுக்கவைத்திருக்கும் மீனைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பேன். அடுத்த வாரம் புரட்டாசி பிறக்கிறது, ஒரு மாதத்துக்கு எங்கள் வீட்டுக்குள் மீன் நுழையாது. அதற்குள் ஒருமுறையாவது துள்ளத் துள்ள மீன் வாங்கிக் குழம்பு வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பறப்பு.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. பெயர் சொல்லவில்லை. சமூக வலைத்தளத்தில் இயங்கும், மீனவ ஊருக்கு ஒருநாள் பயணம் அழைத்துப்போகும் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வேன் வீட்டு வாசலுக்கே வரும், மஹேபூரில் படகு கரை சேரும் இடத்திலேயே மீன் வாங்கலாம், வெட்டிக் கழுவி ஐஸ் போட்டுப் பெட்டியில் கொடுப்பார்கள், சாயங்காலம் வீடு. ஆளுக்கு 450 ரூபாய். அலுவலகத்தில் இரண்டு குடும்பங்களை நானே பேசிப் பேசிச் சேர்த்தேன். பெரியவர்கள் எட்டுப் பேர், 3,600 ரூபாய். முன்பணமாக முழுவதையும் என் போனிலிருந்தே அனுப்பினேன். பணம் போனது பக்கத்தின் பெயருக்கு இல்லை, ஏதோ ஒரு தனி ஆளின் பெயருக்கு. அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டும் அனுப்பினேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வேன் சரியாக வந்தது. (இந்த ஒன்றைத்தான் அவர்கள் சொன்னபடி செய்தார்கள்.) நடத்துகிறவர் வண்டியை விட்டு இறங்கியதும் கைகூப்பி "வணக்கம்" என்றார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். பாட்டியின் பாட்டி கடலூர்ப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர்களாம். தமிழ் பேச வராது, வணக்கமும் "நல்லா இருக்கீங்களா"வும்தான், மிச்சமெல்லாம் ஆங்கிலமும், இந்த ஊர்ப் பேச்சு மொழியான கிரியோலும். கியூர்பீப் தாண்டியதும் சட்டைப்பையிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதில் இருக்கிறவர் யார் தெரியுமா? ரெங்கநாதன் சீனிவாசன், இந்த ஊர் அரசியல் தலைவர், நம்ம ஆள். இதோ பாருங்கள், உங்கள் எழுத்து." நோட்டில் தமிழ் எழுத்து இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் 1998-இல் புது நோட்டு அடித்தபோது தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள் என்று இங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்து, கடைசியில் அந்த நோட்டுகளையே அரசு திரும்பப் பெற்ற கதையை அவர் சொல்லச் சொல்ல எனக்குப் புல்லரித்துவிட்டது. "நம்ம மொழிக்கு நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்" என்றார். இரண்டு பக்கமும் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள், வெயில் இளசாக இருந்தது, வேனுக்குள் எல்லோரும் சிரித்துக்கொண்டு வந்தோம். நான் ஏமாந்தது மஹேபூரில் இல்லை. அந்த நூறு ரூபாய் நோட்டைக் கையில் வாங்கிய இடத்தில்தான்.

மஹேபூர் அழகான ஊர், அதில் சந்தேகமே வேண்டாம். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் லயன் மலை, தண்ணீருக்கு நடுவே சிவப்புக் கூரையோடு ஒரு குட்டித் தீவு, கரையில் வண்ணம் அடித்த பிரோக் படகுகள். 2020-இல் வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் பவளப்பாறையில் தட்டி எண்ணெய் கொட்டியபோது இந்தக் கரையில்தான் சனங்கள் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து மிதவை செய்து எண்ணெயைத் தடுத்தார்கள். அந்த மீனவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு மேஜையில் கிடந்த மீன் அப்படிப்பட்ட மீன். கப்பித்தேன் என்று இங்கே சொல்வது நம்மூர் விளமீன்தான். செவுளை நானே விரலால் விரித்துப் பார்த்தேன், ரத்தச் சிவப்பு. கண் முட்டிக்கொண்டு நின்றது. வயிற்றை அமுக்கினால் விரல் பட்ட பள்ளம் உடனே நிரம்பியது. பக்கத்தில் வியேய் ரூஜ், அதாவது சிவப்புக் களவா. அப்பா இருந்திருந்தால் ரெண்டு கையாலும் அள்ளியிருப்பார். கப்பித்தேன் பத்துக் கிலோ, 4,500. களவா ஐந்து கிலோ, 2,500. கண்ணெதிரே தராசில் நிறுத்தார்கள். ஒரு பெரிய கப்பித்தேனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நிற்க, அவரே படமும் எடுத்தார்.

ஊரிட், அதாவது ஆக்டோபஸ், ஐந்து கிலோ, 3,000 ரூபாய். அதை மட்டும் நான் பார்க்கவில்லை. "அது பக்கத்துப் படகில் இருக்கிறது, நேராகப் பெட்டிக்கே வந்துவிடும்" என்றார். சரி என்றேன். மொத்தம் 10,000, வேனோடு 13,600.

அப்புறம் வந்ததுதான் வேலை. "வெட்ட ஒரு மணி நேரம் ஆகும். வெயிலில் ஏன் நிற்கிறீர்கள்? வேன் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகும்." கேட்க எவ்வளவு இதமாக இருந்தது! தலையை எறிந்துவிடாதீர்கள், குழம்புக்கு வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனோம். அருங்காட்சியகத்தில் 1810 கிராண்ட் போர்ட் கடற்போரைப் பற்றி வைத்திருக்கிறார்கள். விரிகுடா வாயிலில் இருக்கும் குட்டித் தீவைப் பிடித்துக்கொண்ட பிரிட்டிஷ்காரர்கள், அங்கே பிரெஞ்சுக் கொடியை ஏற்றி, வந்த பிரெஞ்சுக் கப்பல்களை நம்பவைத்து உள்ளே இழுத்த போர் அது. "பாருங்க, என்ன தந்திரம்!" என்று கூட வந்தவர்களுக்கு நான் கை நீட்டி விளக்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் கரையில் என் மீன் கைமாறிக்கொண்டிருந்திருக்கிறது.

திரும்பி வந்தபோது மூன்று தெர்மோகோல் பெட்டிகள் வேனில் ஏறியிருந்தன, சுற்றிலும் பழுப்பு டேப். "வீடு போகும்வரை திறக்காதீர்கள், குளிர் போய்விடும்." நாங்களும் திறக்கவில்லை.

ஆறு மணிக்கு வீட்டில் டேப்பைக் கிழித்தோம். மேலே ஐஸ், அதன் கீழே தோலோடு நாலு துண்டு கப்பித்தேன், ஒரே ஒரு தலை. அதற்கும் கீழே தோலுரித்த வெள்ளைத் துண்டுகள், ஒவ்வொன்றின் மேலும் கண்ணாடி மாதிரி ஐஸ் பூச்சு. காலையில் பிடித்த மீன் எப்படி இவ்வளவு கெட்டியாக உறையும்? மனைவி ஒரு துண்டைத் தண்ணீரில் காட்டினாள். ஐஸுக்குள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் துணுக்கு ஒன்று கையோடு வந்தது. அதில் பாதி பார்கோடும் "-18" என்ற எண்ணும் இருந்தன. அவள் அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "ஏங்க, உங்க நாகப்பட்டினம் மீன்" என்றாள். அதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. உருகவிட்டு வடித்து நிறுத்துப் பார்த்தேன். அந்த ஐந்து கிலோ களவாவில் ஐஸ் போக மூன்றுகூடத் தேறவில்லை. அதுவும் களவா இல்லை. குழம்பில் போட்ட துண்டு பஞ்சு மாதிரிப் பிரிந்து கரைந்துவிட்டது. மற்ற இரண்டு வீட்டுப் பெட்டிகளும் இதே லட்சணம்தான்.

உடனே போன் போட்டேன். "ஐஸில் வைத்தால் கடல் மீன் அப்படித்தான் இருக்கும்" என்றார். கடல் மீனைப் பற்றி எனக்கு! படம் எடுத்து அனுப்பினேன், பார்த்துவிட்டார் என்று காட்டியது, பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது விநாடிக்கு ஒரு குரல் செய்தி: "பா த்ராக்கா மிஸ்யே, பா த்ராக்கா." கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். திங்கட்கிழமை, வெட்டுகிற பையன் லீவு, அவன் வந்தால்தான் தெரியும் என்றார். செவ்வாய்க்கிழமை பேச்சே மாறிவிட்டது. டேப்பைக் கிழித்த பிறகு நாங்கள் பொறுப்பில்லை, நீங்களே மாற்றி வைத்திருக்கலாம் அல்லவா என்றார். 13,600 ரூபாய் கொடுத்துவிட்டு நான் மீனை மாற்றி வைத்தேனாம்! கத்தினேன். "கி பூ ஃபேர்?" என்றார். என்ன செய்வது, அவ்வளவுதான். பக்கத்தில் போய்க் கருத்துப் போட்டேன். "உங்கள் அன்புக்கு நன்றி" என்று இதயப் படத்தோடு தானியங்கிப் பதில் வந்தது. பத்து நிமிடத்தில் என் கருத்தும் இல்லை, அந்தப் பக்கத்துக்குள் எனக்கு இடமும் இல்லை.

புகார் கொடுக்கலாம் என்றால் ரசீது எங்கே? கையில் இருப்பது ஒரு தனி ஆளுக்குப் பணம் அனுப்பிய திரை மட்டும்தான், அதில் குறிப்பு என்று நான் போட்டிருப்பது "மெர்சி". என் வாயாலேயே நன்றியும் சொல்லியிருக்கிறேன்.

கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் புலம்பினேன். அவர்களும் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம்தான், காவடி நாட்களில் எங்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு அனுப்புகிற மனுஷி. ஆக்டோபஸ் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "மோ பிதி (என் பிள்ளையே), ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை ஊரிட் பிடிக்கவே கூடாதே, உனக்குத் தெரியாதா?" இனப்பெருக்கக் காலத் தடையாம். தெரியாது ஆன்ட்டி. ஊரெல்லாம் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியாது. அப்படிப் பார்த்தால் அன்று காலை பிடித்தது என்று சொன்ன வாய்க்கே அது பொய் என்று தெரியும்.

மனைவி, வேன் வந்தது நிஜம், அதனால் நஷ்டம் 10,000தான் என்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேன் ஏறியதே மீனுக்குத்தானே? மற்ற இரண்டு குடும்பங்களிடமும் பங்கு வாங்க எனக்கு வாய் வரவில்லை, கூட்டிப்போனது நான்தான். 13,600, முழுவதும் என் கையை விட்டுத்தான் போனது.

சரி, கவனிக்க வேண்டியவை. விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கியூர்பீப்பிலிருந்து மஹேபூருக்குப் பஸ் இருக்கிறது, அதில் போங்கள். பெட்டியை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். மீனை வெட்டி முடிக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள், யார் எந்த அருங்காட்சியகத்துக்குக் கூப்பிட்டாலும் சரி. டேப் ஒட்டினால் அங்கேயே கிழித்துப் பாருங்கள். பணம் அதற்கப்புறம். அக்டோபர் 15-க்கு முன்னால் புது ஊரிட் என்று யாராவது சொன்னால் அப்படியே திரும்பி நடங்கள்.

இன்னொன்று. என்னைத்தான் உள்ளே விடுவதில்லை, அதனால் இன்று காலை மனைவியின் போனில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். வரும் சனிக்கிழமைக்கு அடுத்த பயணம் அறிவித்திருக்கிறார்கள், மேலே தமிழில் பெரிதாக "வணக்கம்". அதற்குக் கீழே நீலச் சட்டை போட்ட ஒருவன் பெரிய கப்பித்தேனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நிற்பான். அது நான்தான். அந்த மீன் என் வீட்டுக்கு வரவில்லை.