அம்மாவின் பென்ஷன்: மதுரையில் இருக்கட்டுமா, பினாங்குக்கு வரட்டுமா?

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது, மாதம் 20,000 ரூபாய்க்குச் சற்று மேல். மதுரை வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா எங்களோடு மலேசியாவில், பினாங்கின் பாயான் பாருவுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. வந்த முதல் வருடமே டிசம்பர் மாதப் பென்ஷன் வரவில்லை. ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்று நவம்பரில் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்றிதழை நாங்கள் கூரியரில் அனுப்பியிருந்தோம். அது வங்கிக் கிளையில் யாருடைய மேசையிலோ கிடந்திருக்கிறது. பணம் திரும்ப வர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அம்மா எங்களிடம் ஒரு காசு கேட்கவில்லை. மாத்திரை தீர்ந்ததைக்கூடச் சொல்லவில்லை. அட்டை காலியாகக் கிடந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வழியையும் நானே போய்ப் பார்த்தேன், விசாரித்தேன். எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போட்டேன்: இந்தப் பணம் அம்மாவின் கையில் அம்மாவின் பணமாகவே இருக்குமா?

உயிரோடு இருப்பதற்குச் சான்று

ஊருக்கே போய்க் கிளையில் நேரில் நிற்பது ஒரு வழி. கல்யாணம், காதுகுத்து என்று நவம்பரில் எப்படியும் போகிறவர்களுக்குச் சரி. சான்றுக்காக மட்டும் போவது வீண் செலவு. அதுவும் எல்லோருக்கும் நவம்பர் இல்லை. மத்திய அரசு, ரயில்வே ஓய்வூதியர்களுக்கு நவம்பர். 80 வயது ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். தமிழ்நாடு அரசில் ஓய்வு பெற்ற மாதம்தான் நேர்காணல் மாதம். பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்கள் எப்போது கொடுத்தாலும் அன்றிலிருந்து 12 மாதம் செல்லும். உங்கள் அப்பா அம்மா இதில் எந்த வகை என்பதை முதலில் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது வழி கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகம். மோன் கியாராவில், மெனாரா 1 மோன் கியாராவின் 28-ஆவது மாடி. பாஸ்போர்ட், பிபிஓ (ஓய்வூதிய ஆணை) நகல், படிவம் எல்லாம் எடுத்துக்கொண்டு ஓய்வூதியர் நேரில் போனால் அதிகாரி கையெழுத்திட்டு முத்திரை வைத்துத் தருவார். கோலாலம்பூர்க்காரர்களுக்கு இது அரை நாள் வேலை. பினாங்கிலிருந்து என்றால் பட்டர்வொர்த் போய், இடிஎஸ் ரயிலில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, கிராப் டாக்சி பிடிக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் அதற்கு ஒத்துழைக்காது. நடக்கவே முடியாதவர்கள், வர இயலாது என்ற மருத்துவர் சான்றோடு தபாலில் அனுப்பலாம் என்று இந்திய அரசின் ஓய்வூதியத் துறை சொல்லியிருக்கிறது. படுக்கையில் இருப்பவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது நோட்டரி. வெளிநாட்டில் இருக்கும் ஓய்வூதியருக்கு மாஜிஸ்திரேட், நோட்டரி, வங்கி அதிகாரி, தூதரக அதிகாரி ஆகியோரில் ஒருவர் கையெழுத்திட்டால் போதும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஜார்ஜ் டவுனில் தெருவுக்குத் தெரு தெரியும் ‘பெசுருஹ்ஜாயா சும்பா’ பலகை நோட்டரி இல்லை. சத்தியப் பிரமாணம் வாங்குகிற ஆணையர் வேறு, நோட்டரி வேறு. அங்கே சில வெள்ளியில் (ரிங்கிட்) வேலை முடிகிறதே என்று முத்திரை வாங்கி அனுப்பினால் கிளை திருப்பி அனுப்பிவிடலாம். ‘நோட்டரி பப்ளிக்’ என்று போட்டிருக்கும் வழக்கறிஞரைத்தான் தேடிப் போக வேண்டும்.

இந்த இரண்டு வழிக்கும் ஒரே பலவீனம்: தாள் இங்கிருந்து அங்கே போய்ச் சேர வேண்டும், சேர்ந்த பிறகு யாராவது அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். எங்களுக்கு அறுந்தது அந்தக் கண்ணிதான்.

அதனால்தான் நாங்கள் நான்காவது வழிக்கு வந்தோம். 2014 நவம்பரில் வந்த ஜீவன் பிரமாண், அதாவது இணைய வழி வாழ்நாள் சான்றிதழ். முதலில் கைரேகைக் கருவி வேண்டியிருந்தது. 2021 முதல் ஆண்ட்ராய்டு போனின் கேமராவில் முகத்தைக் காட்டினாலே போதும். ஜீவன் பிரமாண் செயலியோடு ஆதார் முக அடையாளச் செயலியையும் இறக்கிக்கொள்ள வேண்டும். ஆதார் எண், பிபிஓ எண், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தால், மறுமணம் செய்துகொண்டீர்களா என்று ஒரு கேள்வி. வாசித்துவிட்டு நான் தயங்கினேன். அம்மா கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “இல்லைன்னு போடும்மா. இதையும் கேக்கத்தானே செய்வாங்க” என்றார். முகம் காட்டும்போது முதல் இரண்டு முறை எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் பட்டது. கண்ணாடியைக் கழற்றி, நாற்காலியைத் திருப்பி, கண்ணைச் சிமிட்டச் சொன்னதும் பச்சை வட்டம் வந்தது. பிரமாண் எண்ணை அம்மாவே நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

எண் வந்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தப்பினாலும் வங்கி நிராகரிக்கலாம். ஒரு வாரம் கழித்து இணையதளத்தில் நிலையைப் பார்த்துவிடுங்கள். ஆதார் இல்லாதவர்களுக்கு இந்த வழியே இல்லை, அவர்களுக்குத் தூதரகமோ நோட்டரியோதான்.

பணம் எங்கே இருக்க வேண்டும்

ஊரில் இருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். அது சட்டப்படி தவறு. வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டவர், அந்நியச் செலாவணிச் சட்டப்படி அந்தக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கும் கணக்கு) மாற்றியாக வேண்டும். ஆறு மாதம் அங்கே, சில மாதம் இங்கே என்று வந்து போகிறவர்களின் நிலை வேறு. அவர்கள் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், முதலில் வங்கியில் விசாரியுங்கள்.

போட்டி உண்மையில் என்ஆர்ஓவுக்கும், வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான இன்னொரு ரூபாய்க் கணக்கான என்ஆர்இக்கும்தான். என்ஆர்ஓவில் பென்ஷன், வாடகை எல்லாம் நேராக விழும். ஊரில் இருக்கும் சொந்தத்தையும் கூட்டாகச் சேர்க்கலாம். எங்கள் மாமாவைச் சேர்த்திருக்கிறோம். வீட்டு வரியும் கரண்ட் பில்லும் அவர் வழியாகப் போகின்றன. குறை வட்டியில் இருக்கிறது. என்ஆர்ஓ வட்டியில் செஸ் உட்பட 31.2 சதவீதம் முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். அம்மாவைப் போலச் சிறு வருமானக்காரர்கள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், ஆனால் ஒவ்வொரு வருடமும் அதைச் செய்ய வேண்டும். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. பணத்தைத் தடையில்லாமல் இங்கே கொண்டுவரலாம். ஓய்வூதியம் நடப்பு வருமானம் என்பதால், வரி தீர்ந்தது என்று காட்டினால் என்ஆர்இக்கு மாற்ற வழி உண்டு. சில வங்கிகள் அதற்கு ஆடிட்டர் சான்றும் கேட்கும்.

பெரிய பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. எங்கள் அடுக்குமாடியில் ஓர் ஐயா இருக்கிறார், மாதம் 70,000 ரூபாய். ஊரில் இருந்திருந்தால் புதிய வரி முறையில் அவருக்கு வரியே இல்லை. ஆனால் 12 லட்சம் வரைக்குமான அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். இங்கே வந்துவிட்டதால், 75,000 ரூபாய் நிலைக் கழிவு போக, 4 லட்சத்துக்கு மேல் வரும் 3,65,000 ரூபாய்க்கு 5 சதவீதம், செஸ்ஸோடு 18,980 ரூபாய். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும் புதிதாகச் சேர முடியாது. இதை வரும் முன்னே யாரும் சொல்லவில்லை என்று அவர் வருத்தப்பட்டார். அதற்காகவே இங்கே எழுதுகிறேன்.

சரி, இங்கே ஒரு மலேசியக் கணக்கு திறந்து எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடலாமா? வங்கி முழுகினால் கிடைக்கும் பிடிஐஎம் வைப்புக் காப்பு இங்கே ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை. இந்தியாவில் அது 5 லட்சம் ரூபாய்தான். வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே தனிநபருக்கு 2036 வரை வரி விலக்கும் இருக்கிறது, அது அங்கே வரிக்கு உட்பட்டதாக இருந்தால். ஆனால் சமூக வருகை அட்டையில் (சொந்தங்களைப் பார்க்க வந்து தங்குவதற்கான அனுமதி) இருக்கும் பெரியவர்களுக்குக் கணக்குத் திறப்பது எளிதில்லை. நாங்கள் இரண்டு இடத்தில் கேட்டோம், இரண்டிலும் வேலை பெர்மிட் கேட்டார்கள். (1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூனில் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, அடுத்துக் கிளை திறந்தது இதே பினாங்கில். அந்தக் காலத்துச் செட்டியார்கள் இதைக் கேட்டால் வருந்துவார்கள்.) என் பெயரில் இருக்கும் கணக்கில் போட்டுவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போனார். அதோடு அந்தப் பேச்சை விட்டோம்.

வங்கிக்கு வெளியே பணம் மாற்றித் தரும் உண்டியல்காரரிடம் கொடுத்தால் மறுநாளே கையில் காசு என்பார்கள். இரண்டு நாட்டிலும் அது சட்டவிரோதம். பணம் போனால் கேட்க நாதியில்லை. பெரியவர்களின் பணத்தை அங்கே கொண்டுபோகவே கூடாது.

எங்களுக்கு ஒத்துவந்தது இதுதான். பென்ஷன் என்ஆர்ஓவில் விழுகிறது. ஊர்ச் செலவு, எல்ஐசி, குலதெய்வக் கோயில் வரி எல்லாம் அதிலிருந்தே. மிச்சத்தில் ஒரு பங்கு வருடத்துக்கு இரண்டு முறை அம்மாவின் என்ஆர்இ கணக்குக்குப் போகிறது. அந்த டெபிட் கார்டு அம்மாவிடம்தான் இருக்கிறது. வெளிநாட்டு ஏடிஎம்மில் எடுத்தால் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை பிடிக்கின்றன, தனிக் கட்டணமும் உண்டு. 500 வெள்ளி எடுத்தால் 17 வெள்ளிக்கு மேல் போய்விடும். மொத்தமாக அனுப்புவதே மலிவு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அம்மா தானே போய், எண்ணை அழுத்தி, நோட்டை எண்ணி, சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு பாசாருக்குப் போகிறார். அந்தக் கட்டணத்தைக் குறைக்க நான் முயலவில்லை.

இத்தனைக்கும் ஆதாரம் ஒரு சின்ன சிம் கார்டு. அம்மாவின் இந்திய எண்ணுக்குத்தான் எல்லா ஓடிபியும் வருகிறது. 90 நாள் பயன்பாடே இல்லாவிட்டால் எண்ணை முடக்கிவிடலாம். ரோமிங்கை இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பே திறந்துவிடுவது நல்லது. ரீசார்ஜ் தேதியை அம்மா நாள்காட்டியில் மஞ்சள் பேனாவால் வட்டம் போட்டு வைக்கிறார். அக்டோபர் 25-க்கு நான் போனில் அலாரம் வைத்திருக்கிறேன்.