விளம்பரத்தில் வேறு, பொட்டலத்தில் வேறு: தமிழ் எழுத்து டி-ஷர்ட் வாங்குவோர் கவனத்துக்கு

இன்ஸ்டாகிராமில் தமிழ் எழுத்துப் போட்ட டி-ஷர்ட் விளம்பரங்கள் இப்போது வரிசை கட்டி வருகின்றன. அவற்றில் பல, உண்மையாகவே உழைக்கும் சின்ன நிறுவனங்களுடையவை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து, தாங்களே வரைந்து, திருப்பூரில் நூறு இருநூறு பீஸ் மட்டும் தைத்து விற்கிறார்கள். அவர்களுடைய படங்களைத் திருடிக் கடை விரிக்கும் கூட்டமும் அதே வரிசையில்தான் நிற்கிறது. என் பணம் போனது அந்தக் கூட்டத்திடம். பக்கத்தின் பெயரை இங்கே போடவில்லை. நினைத்தபோது பெயரை மாற்றிக்கொள்ளும் பக்கத்தின் பெயரைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? அவர்களுடைய வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

விளம்பரத்தில் இருந்தது கறுப்பு டி-ஷர்ட். நெஞ்சில் ஆவி பறக்கும் டீ கிளாஸ், அதன் கீழே கையால் எழுதிய வளைவான எழுத்தில் ‘தேநீர் வேளை’. 240 ஜிஎஸ்எம், நூறு சதவீதப் பருத்தி, ஸ்கிரீன் பிரிண்ட் என்று விவரம். 1,599 ரூபாயை அடித்துவிட்டு 799 என்று போட்டிருந்தார்கள். யுபிஐயில் முன்கூட்டியே கட்டினால் இன்னும் 50 ரூபாய் குறைவு. கட்டினேன்.

பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் மூக்குக்குத்தான் சேதி கிடைத்தது. சூடான பிளாஸ்டிக்கும் பசையும் கலந்த நெடி. துணியை வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருந்த என் விரல்கள் தெரிந்தன. சமையலறைத் தராசில் வைத்தேன், 150 கிராம்கூட இல்லை. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. 240 ஜிஎஸ்எம் துணியில் தைத்த ஓவர்சைஸ் டி-ஷர்ட் கால் கிலோவுக்குக் குறையாது. சந்தேகம் தீர, ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிர்ந்துவிடும். இது உருகி, கறுத்த மணியாக இறுகி நின்றது. பாலியெஸ்டர்.

அச்சு இன்னும் மோசம். டீ கிளாஸைச் சுற்றிச் சதுரமாக ஒரு கறுப்பு, துணியின் கறுப்போடு சேராமல் தனியாகப் பளபளத்தது. யாருடைய பக்கத்திலிருந்தோ எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைப் பின்னணியோடு அப்படியே பிலிமில் அச்சடித்து, சூட்டில் அழுத்தி ஒட்டியிருக்கிறார்கள். டிடிஎஃப் என்று சொல்லும் முறை இது. முறையைக் குறை சொல்லவில்லை. ஒழுங்காகச் செய்தால் டிடிஎஃப் அச்சும் நன்றாகவே உழைக்கும். ஸ்கிரீன் பிரிண்ட் என்று சொல்லி இதை விற்பதுதான் பித்தலாட்டம். ஸ்கிரீன் பிரிண்ட் என்பது சல்லடை போன்ற ஸ்கிரீன் வழியாக மையை நேரே துணியில் தேய்த்து அச்சடிப்பது; அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் போட வேண்டும். பத்து பீஸுக்காக அந்தச் செலவைச் செய்தால் கட்டுப்படியாகாது. டிடிஎஃப்பில் ஒரே ஒரு பீஸ்கூட அடிக்கலாம் என்பதால், ஆர்டர் வந்த பிறகு அடித்து அனுப்புகிறவர்களுக்கு அது வசதி.

எழுத்தைப் பார்த்தபோதுதான் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. மாடலின் சட்டை மடிப்பில் எழுத்து நெளிந்திருந்ததால், அதை மட்டும் புதிதாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள், தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கத் தெரியாத ஏதோ மென்பொருளில். ‘தே’யில் முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. ‘வே’யிலும் அதே கதி. ‘ளை’யின் இணைக் கொம்பு கடைசியில் தனியாகத் தொங்கியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிவப்பு மையில் சுழித்திருக்கும். அடித்தவர், பார்த்தவர், மடித்துப் பையில் போட்டவர் என்று ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியவில்லை. பக்கத்தின் முகப்பில் மட்டும் ‘தமிழால் இணைவோம்’.

திருப்பி அனுப்ப வேண்டும் என்று எழுதினேன். பொட்டலத்தைப் பிரிக்கும் வீடியோ இல்லாமல் புகாரை ஏற்க மாட்டார்களாம். என்னிடம் வீடியோ இருந்தது, அனுப்பினேன். முகவரிச் சீட்டு அதில் தெளிவாக இல்லை என்றார்கள். புகைப்படமாக அனுப்பினேன். அடுத்து வந்தது 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன், அதே கடையில் இன்னொன்று வாங்குவதற்கு! வேண்டாம், பணம்தான் வேண்டும் என்றதும் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். கருத்துப் பெட்டியை அவர்கள் ஏன் மூடி வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

கூகுள் லென்ஸில் அந்தப் படத்தைப் போட்டுத் தேடியபோது அசல் கிடைத்தது. கோவையில் ஒரு பெண் தனியாளாக நடத்தும் நிறுவனம். விலை 1,150. எழுதிக் கேட்டேன். “படம் என்னுடையதுதான் சார். அந்த பேட்ச் போன வருஷமே விற்றுத் தீர்ந்துவிட்டது. உங்களைப் போல நிறையப் பேர் என்னைத்தான் திட்டி எழுதுகிறார்கள்” என்றார். திருடனுக்குப் போக வேண்டிய வசவெல்லாம் வரைந்தவருக்குப் போகிறது. வழக்குப் போட அவருக்குத் தயக்கம். பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவைக் காட்டி அவருடைய வழக்கறிஞர் எச்சரித்திருக்கிறார். வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால் பதிப்புரிமை போய்விடும் என்கிறது அந்தப் பிரிவு. டி-ஷர்ட்டில் அடித்த ஓவியம் அதற்குள் வருமா என்று வாதாடவே காசு வேண்டும். சின்ன நிறுவனம் அதற்கு எங்கே போகும்?

இனி வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியவை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்கும் நிறுவனம் தன் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் தொடர்பு எல்லாவற்றையும் வெளிப்படையாகப் போட வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கவும் முடியாது. வெறும் வாட்ஸ்அப் எண் மட்டும் இருக்கும் கடையில் இதையெல்லாம் யாரிடம் கேட்பது? என்னை ஏமாற்றிய பக்கத்தின் அடியில் ஒரு ஜிஎஸ்டி எண் இருந்தது. ‘திருப்பூர் தயாரிப்பு’ என்று பெருமை பேசியவர்களின் எண் 07இல் தொடங்கியது, அது டெல்லி. தமிழ்நாட்டுக்கு 33. ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் பதிவு ரத்தானது என்று காட்டியது. எல்லாச் சின்னக் கடைக்கும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லைதான், ஆனால் போட்டிருக்கும் எண் பொய்யென்றால் மற்றதெல்லாம் பொய்யாகத்தான் இருக்கும். ஒரே பக்கத்தில் பத்து விதமான கைவண்ணத்தில் படங்கள் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். தாங்களே வரைகிறவர்களிடம் ஒரு சாயல் இருக்கும், பாதி வரைந்த தாளும் அச்சுப் பட்டறையின் படமும் இருக்கும்.

பணத்தை கார்டில் கட்டுங்கள். வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைக் கடையிடமிருந்து திரும்பப் பெற்றுத் தரும்படி, கேட்க வழி இருக்கிறது. யுபிஐயில் நாமே அனுப்பிய பணத்துக்கு வங்கி பெரும்பாலும் கையை விரிக்கிறது.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். இணைய மோசடிக்கான 1930இலும் சொல்லியிருக்கிறேன். எதிர்த்தரப்பிலிருந்து பதில் இல்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்; ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. 749 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் விடுவதாக இல்லை.

அந்தப் பக்கம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. ஆட்டோவில் யானை உட்கார்ந்திருக்கும் படம், மாடலின் முகம் கழுத்தோடு வெட்டப்பட்டிருக்கும், விலை அதே 799. கண்ணில் பட்டால் வாங்காதீர்கள். மோசடி என்று இன்ஸ்டாகிராமுக்குப் புகார் தட்டிவிடுங்கள்.