பிரபஞ்சம்: அளவுள்ளதா, எல்லையற்றதா?

எதை நம்புவது என்று குழம்புகிறவர்களுக்காக இந்த ஒப்பீடு.

வடிவம்
அளவுள்ளது: பந்தின் மேற்பரப்பு போல வளைந்து மூடியிருக்கலாம். அதில் ஊரும் எறும்பு விளிம்பையே பார்க்காமல் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடும்.
எல்லையற்றது: தட்டையாக, வளைவில்லாமல், முடிவின்றி நீண்டுகொண்டே போகலாம்.

அளவீடு
பிரபஞ்சத்தின் மிகப் பழைய ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் 2018 முடிவுகளை விண்மீன் திரள்களின் பரவலோடு சேர்த்துப் பார்த்தால், சுமார் 0.2 சதவீதத் துல்லியத்தில் வெளி தட்டையாகவே தெரிகிறது. ஆனால் மிக லேசான வளைவு அந்தப் பிழைக்குள் ஒளிந்திருக்கலாம். 'அளவுள்ளது' என்பதற்கு ஒருநாள் சான்று கிடைக்கலாம். 'எல்லையற்றது' என்பதை அளந்து காட்டவே முடியாது. என்னை அசரவைக்கும் இடம் இதுதான்.

பார்வை
இரண்டுக்கும் தடை ஒன்றே: நம்மைச் சுற்றிச் சுமார் 9,300 கோடி ஒளியாண்டு விட்டமுள்ள பகுதிக்கு அப்பாலிருந்து ஒளி இன்னும் வந்து சேரவில்லை.

சரி, கணக்குப் போட எல்லையற்ற மாதிரி எளிது. சோதித்துப் பார்க்க அளவுள்ளதை எடுங்கள்.