மறையூரில் வாங்கிய மலைப்பூண்டும் தேன்பூண்டும்

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக கேரளத்தின் மறையூருக்கு வருவோர் நாட்டு வெல்லமான மறையூர்ச் சர்க்கரை வாங்கும் கடைகளில், பக்கத்து மலையூர்களான காந்தளூர், வட்டவடையில் விளையும் பூண்டும் கிடைக்கிறது. அப்படியொரு கடையில் அரைக்கிலோ பூண்டும், தேனில் பூண்டை ஊறவைத்த ஒரு புட்டி தேன்பூண்டும் வாங்கினேன்.

பூண்டைக் குறை சொல்வதற்கில்லை. பல் சிறியது, தோல் இளஞ்சிவப்போடியது, உரிப்பதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் ஒரு பல்லைத் தட்டியதுமே காரநெடி அடுக்களை முழுவதும் பரவிவிடுகிறது. தட்டிச் சற்று நேரம் வைத்திருந்து பிறகு தாளிக்குமாறு கடைக்கார அம்மா சொன்னது சரியான யோசனையே. பல் நசுங்கும்போதுதான் அதிலுள்ள அல்லினேஸ் என்னும் நொதி, அதே பல்லிலுள்ள அல்லின் என்னும் பொருளோடு சேர்ந்து, காரநெடி தரும் அல்லிசினை உண்டாக்குகிறது. உடனே சூடான எண்ணெயில் போட்டால் அந்த நொதி அழிந்துவிடும்.

தேன்பூண்டின் சீட்டில் "கல்லீரல் நச்சுகளை முற்றிலும் நீக்கும்" என்று அச்சிட்டிருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. காய்ச்சல் மாத்திரையான பாரசிட்டமால் மிகையாகும்போதும், கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் நச்சு வேதிப்பொருள் உடலில் சேரும்போதும், கல்லீரலிலுள்ள சைட்டோகுரோம் 2இ1 என்னும் நொதி அவற்றைக் கொடிய பொருள்களாக மாற்றுகிறது. பூண்டிலிருந்து கிடைக்கும் டையலைல் சல்பைடு என்னும் கந்தகச் சேர்மம் அந்த நொதியை மட்டுப்படுத்துவதால் சேதம் குறைவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். அதாவது, நச்சு உருவாவதைத்தான் அது குறைக்கிறது; சேர்ந்துவிட்ட நச்சைக் கழுவி வெளியேற்றுவதாக அந்த ஆய்வுகள் காட்டவில்லை. அவற்றில் கொடுத்த அளவும் நாம் ரசத்தில் போடும் நான்கு பல்லும் ஒன்றல்ல. பச்சைப் பூண்டை அளவுக்கு மீறிக் கொடுத்தபோது எலிகளின் கல்லீரலே பாதிக்கப்பட்டதையும் சீட்டு எழுதியவர் அறிந்திருக்க வேண்டும். மேலும், புட்டிக்குள் கிடப்பவை நசுக்காத முழுப் பற்கள். அவற்றில் அல்லிசின் அதிகம் உருவாக வழியில்லை. சுவை என்னவோ நன்றாகவே இருக்கிறது, சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

பாரசிட்டமாலை மிகையாக விழுங்கியவருக்கு மருத்துவமனையில் தரும் அசிட்டைல்சிஸ்டைன்தான் மாற்று மருந்து. தேன்பூண்டைக் கொடுத்துக் காத்திருப்பது ஆபத்து. வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்குப் பூண்டு மிகுந்தால் இரத்தக் கசிவு கூடலாம் என்ற எச்சரிக்கைக்கும் சீட்டில் ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. இந்தக் கடையில் பூண்டை மட்டும் தாராளமாக வாங்கலாம். தேன்பூண்டுக்குக் கேட்கும் விலை அதிகம்.