என்.ஐ.ஓ.எஸ். சேர்க்கை, நீட் பயிற்சி எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள்: 72,000 ரூபாயும் ஒரு வருடமும் போயிற்று

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைத்து, நீட் எழுத வைக்க நினைக்கிற பெற்றோர்களுக்காக எழுதுகிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்றார் என் கணவர். ஆறிவிட்டால் நான் மரியாதையாக எழுதிவிடுவேன். எங்களை ஏமாற்றிய பயிற்சி மையத்து ஆள் அந்த மரியாதைக்கு உரியவர் இல்லை.

என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து வீட்டில்தான் படிக்கிறாள். பத்தாம் வகுப்பைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ். மூலம் எழுதித் தேறினாள். அப்போது எல்லாவற்றையும் நானே செய்தேன். பன்னிரண்டாம் வகுப்பும் அதே வழிதான்: இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம், இன்னொரு பாடம். ஏப்ரலில் பொதுத்தேர்வு, மே மாதம் நீட். கணக்கு அவ்வளவு எளிது. போன ஜூனில் என் மாமனார் மருத்துவமனையில் கிடந்தார். நான் இரவும் பகலும் அங்கேயே இருந்தேன். "இணையத்தில் நீங்களே விண்ணப்பித்திருக்கலாமே" என்று இப்போது அறிவுரை சொல்ல வருகிறவர்கள் இந்த ஒரு வரியை இரண்டு முறை படித்துவிட்டு வரவும்.

எங்கள் ஊரில் ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. வீட்டுவழிக் கல்விப் பிள்ளைகளுக்கென்றே நடத்துவதாகப் பலகை. சேர்க்கை, ஒப்படைப்புகள், செய்முறை வகுப்பு, நீட் பயிற்சி, நீட் விண்ணப்பம் எல்லாம் சேர்த்து 72,000 ரூபாய். சேரும்போது 40,000, ஆகஸ்டில் செய்முறைக்கென்று 32,000.

அந்த மையத்தை நடத்துகிற ஆளை நாங்கள் நம்பியது எப்படி என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அடுத்து வருகிறவர்களும் அதே இடத்தில்தான் நம்புவார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. முதல் நாள் அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுத முடியாது என்று எங்கள் உறவினர்கள் எல்லோரும் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே, அந்தத் தடையை 2018 மே மாதத்திலேயே டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, அதன் மீதான மேல்முறையீடும் 2024-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்துவிட்டது என்றார். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் நடுவே இரண்டு வருட இடைவெளி வேண்டும் என்ற விதியைச் சொல்லி, மகளின் சான்றிதழை வாங்கி ஆண்டைப் பார்த்து, "சரியாக இருக்கிறது அம்மா, ஏப்ரலில் எழுதலாம்" என்றார். 2010-இல் பதினான்கு வயதில் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் 33-ஆம் இடம் பிடித்த, வீட்டிலேயே படித்த டெல்லிச் சிறுவனைப் பற்றி மகளிடம் பேசினார். அவள் இலை, பூ ஒட்டிவைத்திருக்கும் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கிளம்பும்போது என் கணவர் பணத்தை எடுத்தார். "இன்றைக்கு வேண்டாம், வீட்டில் கலந்து பேசிவிட்டு வாருங்கள்" என்று கையைப் பிடித்துத் தடுத்தார்.

அந்தக் கையைத்தான் நம்பினோம். பணம் கேட்டவனைச் சந்தேகிக்கத் தெரியும். பணத்தை வேண்டாம் என்றவனை எப்படிச் சந்தேகிப்பது? இரண்டு நாளில் நாங்களே போய்க் கட்டினோம்.

ஜூலையில் "சேர்க்கை முடிந்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. கூடவே ஒரு எண். அது சேர்க்கை எண் என்று எண்ணிக்கொண்டோம், அவரும் அப்படித்தான் சொன்னார். அடையாள அட்டை எங்கே என்றால், "சர்வர் மெதுவாக இருக்கிறது". பிறகு, "சார் டெல்லி போயிருக்கிறார்". பிறகு, "மொத்தமாக வரும்". தீபாவளி போனது. கார்த்திகை போனது. ஒருநாள் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். அதற்கு அவர் சொன்னது: "அம்மா, உங்கள் பதற்றம் குழந்தைக்குத் தொற்றிக்கொள்ளும். அமைதியாக இருங்கள்." என் வாழ்நாளில் இவ்வளவு மென்மையான குரலில் என்னை யாரும் அவமதித்ததில்லை.

இதற்கிடையில் அந்தப் "பயிற்சி". நீட் தேர்வு எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். மதியம் இரண்டு மணிக்குத் தேர்வு, ஒன்றரைக்கே வாசலை அடைத்துவிடுவார்கள். உடல் சோதனை உண்டு. முழுக்கைச் சட்டை கூடாது, ஷூ கூடாது. உள்ளே மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள், மொத்தம் 720 மதிப்பெண். சரிக்கு நான்கு, தப்புக்கு ஒன்று கழியும். எல்லாம் வட்டங்களை நிரப்புகிற ஓ.எம்.ஆர். விடைத்தாளில், கறுப்பு பால்பாயிண்ட் பேனாவில். வட்டத்தை நிரப்பிவிட்டால் மாற்ற முடியாது. பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு மணி அடித்தால் எழுதுவதும் மணி அடித்தால் நிறுத்துவதும் பழகிப்போன விஷயம். எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. ஒரு கணக்கு பிடித்துப்போனால் காலை முழுவதும் அதிலேயே உட்காருவாள் என் மகள். அது அவளுடைய பலம், அன்றைக்கு மூன்று மணி நேரம் மட்டும் பலவீனம். வீட்டில் படிக்க வைக்கிற எங்கள் பெற்றோர் வட்டத்தில் முந்தைய ஆண்டு நீட் எழுதிய ஒரு பெண், பாடத்தில் கெட்டிக்காரி, கேள்விகளை எல்லாம் வினாத்தாளிலேயே போட்டு முடித்துவிட்டு, வட்டம் நிரப்ப நேரமில்லாமல் அழுதுகொண்டே வெளியே வந்தாள். பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயின் எழுதிய பையன் ஒருவனுக்கு அது கணினித் தேர்வு. பக்கத்து இருக்கைக்காரன் மவுஸைச் சொடுக்குகிற சத்தமே தாங்க முடியவில்லை என்றான். வீட்டில் அவன் அறையில் கடிகாரச் சத்தம்கூடக் கிடையாது.

அதனால்தான் மாதிரித் தேர்வுக்காகவே அந்த மையத்தைத் தேர்ந்தெடுத்தோம். "ஐம்பது பேர் கொண்ட அறை, உண்மையான ஓ.எம்.ஆர். தாள், மணி, கண்காணிப்பாளர்" என்றார்கள். நடந்தது என்ன? பின்கட்டு அறையில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. பழைய வினாத்தாளின் மங்கிய நகல். விடையை வெள்ளைத் தாளில் எழுதச் சொன்னார்கள். ஓ.எம்.ஆர். எங்கே என்று மகள் கேட்டபோது "அடுத்த வாரம்" என்று பதில். அந்த அடுத்த வாரம் கடைசிவரை வரவில்லை. செய்முறை வகுப்பு என்று வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் ஒருமுறை காட்டினார்கள். அதை அவள் பத்து வயதில் வீட்டுத் திண்ணையில் பார்த்துவிட்டாள்.

நீட் விண்ணப்பம் திறந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. விண்ணப்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பு எந்த வாரியம், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்கிறார்கள். சேர்க்கை விவரம் இல்லாமல் கை வைக்க முடியாது. "நாங்களே நிரப்பிக்கொள்கிறோம்" என்றார்கள். என் மகள் ஒத்துக்கொள்ளவில்லை. அவளே என்.ஐ.ஓ.எஸ். தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தாள். அது சேர்க்கை எண்ணே இல்லை. வெறும் விண்ணப்பக் குறிப்பு எண். சேர்க்கை எண் பன்னிரண்டு இலக்கம். உள்ளே போக ஓடிபி கேட்டது. ஓடிபி யாருக்குப் போயிற்று தெரியுமா? அவருக்கு. என் மகளின் விண்ணப்பத்தில் அவருடைய கைபேசி எண், அவருடைய மின்னஞ்சல்.

சென்னை மண்டல அலுவலகத்தைத் தொடர்புகொண்டு, பிறந்த தேதியும் பத்தாம் வகுப்பு விவரமும் கொடுத்துக் கேட்டோம். பொறுமையாகப் பார்த்துச் சொன்னார்கள். சேர்க்கை நடந்திருக்கிறது. ஆனால் ஜூலையில் அல்ல, அக்டோபரில்.

இந்த வித்தியாசம் புரியாதவர்களுக்கு: என்.ஐ.ஓ.எஸ். நேரடிச் சேர்க்கையில் இரண்டு பிரிவு உண்டு. மார்ச் பாதியிலிருந்து ஜூலை இறுதிக்குள், தாமதக் கட்டணத்தோடு என்றால் செப்டம்பர் பாதிக்குள், சேர்ந்தவர்கள் அடுத்த ஏப்ரலில் எழுதலாம். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு முதல் பொதுத்தேர்வே அடுத்த அக்டோபரில்தான். எங்கள் பணம் ஜூனிலேயே போய்விட்டது. அவர் அதை வைத்துக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளையும் ஆயுத பூஜைக்குப் பிறகு கும்பலாகப் பதிந்திருக்கிறார். இதை அங்கே சேர்ந்த இன்னொரு தாய் சொன்னார். அவர் மகனுக்கும் அக்டோபர்தான்.

மே மாதம் மகள் நீட் தேர்வறையில் போய் உட்கார்ந்து எவ்வளவு எடுத்தாலும், முதல் சுற்றுக் கலந்தாய்வுக்குள் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருந்தால்தான் இடம். அக்டோபரில் தேர்வெழுதுகிறவளுக்கு இந்த வருடம் இல்லை. பொறியியலுக்குப் போகலாமே என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் அதற்கு நுழைவுத் தேர்வே இல்லைதான். ஆனால் அதற்கும் அதே பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தானே வேண்டும்? அவள் கணிதப் பாடம் எடுக்கவே இல்லை என்பது வேறு கதை.

நேரில் போனோம். 72,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டோம். முதலில் டீ வந்தது. பிறகு, பொதுத்தேர்வுக்குக் காத்திருக்காமல் கேட்டு எழுதுகிற "ஆன் டிமாண்ட் தேர்வு எழுத வைக்கலாம்" என்றார். அது மகளின் சேர்க்கைக்குப் பொருந்தாது என்று மண்டல அலுவலகத்தில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்றதும் முகம் மாறியது. அடுத்து, "டெல்லியில் எனக்கு ஆள் இருக்கிறார், இன்னும் 15,000 கொடுத்தால் ஏப்ரலுக்கு மாற்றிவிடலாம்" என்றார். திருடிய வீட்டிலேயே திண்ணைக்கு வாடகை கேட்பது போல! அப்படி ஒரு வழியே கிடையாது என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. என் கணவர் ரசீதை மேசையில் வைத்தார். அவர் அதை எடுத்து, விரலால் ஒரு வரியைக் காட்டினார். "ஆலோசனைக் கட்டணம்." ரசீதில் சேர்க்கை என்ற சொல்லே இல்லை, நீட் இல்லை, பயிற்சி இல்லை. "ஆலோசனை கொடுத்தாயிற்றே அம்மா" என்றார். ஆமாம், கொடுத்தார். 2018 தீர்ப்பைச் சொன்னார், இரண்டு வருட விதியைச் சொன்னார். அந்த இரண்டு உண்மைக்கு 72,000 ரூபாய்.

வரவேற்பில் இருந்த பெண் என் மகளைப் பார்த்து, "ஒரு வருடம்தானே தங்கம், எத்தனையோ பேர் மறுபடி எழுதுகிறார்கள்" என்றாள். மறுபடி எழுதுகிறவர்கள் ஒருமுறை எழுதியவர்கள். இவளை எழுதவே விடவில்லையே.

மகள் அழவில்லை. கைபேசி எண்ணை மாற்ற என்னென்ன ஆவணம் வேண்டும் என்று தளத்தில் படித்துக் குறித்துவைத்திருக்கிறாள். அவளுக்கு இருக்கிற நிதானம் எனக்கு இல்லை. வீட்டில் படிக்கிற பிள்ளைகளை உலகம் தெரியாதவர்கள் என்று சொல்கிறவர்களிடம் இந்த ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன்: இந்த ஏமாற்றைக் கண்டுபிடித்தது அவள்தான்.

நான் விரிவாக வழிகாட்டி எழுத வேண்டும் என்று எங்கள் வட்டத்துப் பெற்றோர்கள் கேட்டிருந்தார்கள். இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. சேர்க்கையை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். நாமே இணையத்தில் கட்டினால் சில ஆயிரங்களில் முடிகிற வேலை. யார் செய்தாலும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும், ஓடிபி உங்கள் கைக்கு வர வேண்டும். பன்னிரண்டு இலக்கச் சேர்க்கை எண் வரும்வரை இரண்டாவது தவணை கொடுக்காதீர்கள். முதல் பொதுத்தேர்வு ஏப்ரலா அக்டோபரா என்று தளத்தில் நீங்களே பாருங்கள். நீட் விண்ணப்பத்துக்கும் இதேதான். திருத்தம் செய்யக் கொடுக்கும் அவகாசம் மிகக் குறைவு, அந்த நேரத்தில் ஓடிபி வேறொருவரிடம் இருந்தால் தொலைந்தது. ரசீதில் "ஆலோசனை" என்று எழுதினால் அங்கேயே கிழித்துக் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள்.

ஓ.எம்.ஆர். தாளைப் பதிவிறக்கி வீட்டிலேயே அச்செடுத்துப் பழக்கலாம், அதற்கு மையம் தேவையில்லை. இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்கு வாட்ஸ்அப் செய்திகளை எல்லாம் வரிசையாக அச்செடுக்க வேண்டும். அங்கே பணம் கட்டிய வேறு பெற்றோர்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் ரசீதையும் எடுத்துவையுங்கள். உங்களுடையதிலும் "ஆலோசனைக் கட்டணம்" என்றுதான் இருக்கும். இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.